இருபத்திநாலு புள்ளி எட்டு

எங்கள் கல்லூரியின் இயற்பியல் லேபில் சாமி படத்துக்கு அடுத்தபடியாக எல்லோரும் மதித்தது ஓர் எண்ணை. இருபத்திநாலு புள்ளி எட்டு. பி.எஸ்ஸி. முதலாண்டுப் பிள்ளைகளுக்குச் சொந்த ரோல் நம்பர் மறந்தாலும் இது மறக்காது. சீனியர்கள் ஜூனியர்களுக்குச் சொல்லிவிட்டுப் போவார்கள். சிலர் பெஞ்சு ஓரத்தில் காம்பஸ் முனையால் கீறியும் வைத்திருந்தார்கள்.

விஷயம் இதுதான். பார் பெண்டுலம் என்று ஒரு சோதனை. வரிசையாகத் துளை போட்ட நீளமான இரும்புச் சட்டத்தை ஒரு கத்திமுனையில் தொங்கவிட்டு ஆட்ட வேண்டும். ஒரு ஆட்டத்துக்கு எத்தனை விநாடி ஆகிறது என்று ஸ்டாப் கிளாக்கில் பார்க்க வேண்டும். அதை வைத்து, பூமி பொருள்களை எவ்வளவு பலமாக இழுக்கிறது என்று கணக்கிட வேண்டும். நீளத்தை நேரத்தின் வர்க்கத்தால் வகுக்கிற ஒரு கட்டம் அட்டவணையில் வரும். அந்தக் கட்டத்தில் 24.8 வந்துவிட்டால் புத்தகத்தில் இருக்கும் 980 என்கிற விடை தானாக வந்து உட்கார்ந்துவிடும். ஆகவே எங்கள் பிள்ளைகள் 24.8-இல் ஆரம்பித்துப் பின்னோக்கிப் போவார்கள். நேரத்தைக் கடைசியில் கண்டுபிடிப்பார்கள்.

எனக்கு அப்போது இருபத்து நான்கு வயது. எம்.எஸ்ஸி. முடித்த கையோடு, கன்டோன்மென்ட் பக்கம் இருந்த அந்தக் கல்லூரியில் பார்ட் டைம் லெக்சரராகச் சேர்ந்திருந்தேன். பார்ட் டைம் என்பது பெயருக்குத்தான். காலையில் அல்சூரில் பஸ் ஏறினால் சாயந்திரம்தான் வீடு. தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. நகரத்தில் எங்கே பார்த்தாலும் கம்ப்யூட்டர் வகுப்பு போர்டு முளைத்துக்கொண்டிருந்தது. எங்கள் லேபில் மட்டும் எல்லாப் பொருளும் எனக்கு முன்னால் பிறந்தவை.

முதல் வாரம் லேபுக்குள் போனபோது ஒரு பையன் கால்குலேட்டரும் கையுமாக மும்முரமாக இருந்தான். அட்டவணை பாதிக்கு மேல் நிரம்பியிருந்தது. அவன் எதிரே இரும்புச் சட்டம் அசையாமல் தொங்கிக்கொண்டிருந்தது.

"ஆட்டவே இல்லையே, ரீடிங் எப்படி வந்துச்சு?" என்று கேட்டேன்.

"ஆட்டினா தப்பா வருது மேடம்," என்றான்.

திருட்டுத்தனமாகச் சொல்லவில்லை. மழை வருது மேடம் என்பது போலச் சொன்னான். பக்கத்துப் பெஞ்சுப் பெண்ணும் தலையாட்டினாள். எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு கோபம் வந்தது. அந்தக் கோபம் அங்கே வேலை பார்த்த காலம் முழுக்க எனக்குப் போகவில்லை. போக வேண்டும் என்று நான் விரும்பவும் இல்லை.

லேபின் கடைசிப் பெஞ்சில் மட்டும் ஒரு சட்டம் ஆடிக்கொண்டிருந்தது. அதன் முன்னால் நின்ற பெண், உதடு மட்டும் அசையத் தமிழில் எண்ணிக்கொண்டிருந்தாள். அவள் இரண்டாமாண்டு மாணவி. முதலாண்டு பிராக்டிகலில் ஃபெயிலாகிவிட்டதால் ஜூனியர்களோடு வந்து நிற்கிறாள் என்று அட்டெண்டர் சொல்லியிருந்தார். பக்கத்தில் போய் அட்டவணையைப் பார்த்தேன். அந்தக் கட்டத்தில் 27.4 என்று எழுதியிருந்தாள். அடுத்த வரியிலும் 27.4. அதற்கடுத்த வரியில் 27.5.

"போன வருஷமும் இதேதான் வந்துச்சு மேடம்," என்றாள் நான் கேட்பதற்கு முன்பே. "வந்ததை எழுதினேன். ஃபெயில் போட்டுட்டாங்க."

"காரணம் சொன்னாங்களா?"

"எக்ஸ்டர்னல் சார் பேப்பரைப் பாத்துட்டு, நீ பூமியிலதான் இருக்கியா, இல்ல வேற கிரகமான்னு கேட்டாரு. எல்லாரும் சிரிச்சாங்க. சந்தாபுரான்னு சொன்னேன். இன்னும் சிரிச்சாங்க."

எனக்கும் சிரிப்பு முட்டியது. அடக்கிக்கொண்டேன். அவள் சிரிக்கவில்லை.

பள்ளிப் படிப்பை எல்லைக்கு அந்தப் பக்கம் ஓசூரில் தமிழ் வழியில் படித்தவள். சந்தாபுராவிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறாள். அப்பாவுக்கு அத்திபெலேயில் லாரி ஷெட்டில் வேலை. சித்தப்பா பீன்யாவில் ஒரு கம்பெனியில் சூபர்வைசர். அந்த சித்தப்பாதான் இப்போது பிரச்சினை.

"அவங்க கம்பெனியில பொண்ணுங்களை ஆள் எடுத்துட்டே இருக்காங்களாம். இந்த தடவையும் போச்சுன்னா டிகிரியும் வேணாம் ஒண்ணும் வேணாம், அசெம்பிளி லைன்ல சேர்த்துடறேன்னு அப்பா சொல்லிட்டாரு. அவர் மேல தப்பில்ல மேடம். ஒரு சப்ஜெக்டுலயாவது ஃபெயிலாகியிருந்தா அவருக்குப் புரியும். சட்டத்தை ஆட்டி எண்றதுல ஃபெயில்னா எப்படிச் சொல்லிப் புரிய வைக்கிறது?"

பிறகு பென்சிலைக் கீழே வைத்துவிட்டு நேராகக் கேட்டாள். "இந்த தடவை நான் எதை எழுதட்டும், சொல்லிடுங்க. வந்ததையா, வரவேண்டியதையா?"

எட்டு வருடக் கல்லூரி அனுபவம் இருக்கிறவராக இருந்தால் உடனே பதில் சொல்லியிருப்பார். எனக்கு அனுபவம் எட்டு நாள்கூட இல்லை. "நாளைக்குச் சொல்றேன்" என்றேன்.

மறுநாள் காலை வகுப்பு தொடங்குவதற்கு முன் லேபைத் திறக்கச் சொல்லி, அவள் நின்ற அதே பெஞ்சில் நானே சட்டத்தை ஆட்டினேன். கவனமாக எண்ணினேன். 27.3 வந்தது. மறுபடி ஆட்டினேன். 27.4. எம்.எஸ்ஸி. முதல் வகுப்பில் தேறிய நானும் வேறு கிரகத்துக்குப் போய்விட்டேன். ஸ்கேலைச் சோதித்தேன், சரியாக இருந்தது. கத்திமுனையும் சரி. மிச்சம் இருந்தது ஸ்டாப் கிளாக். என் கைக்கடிகாரத்தைக் கழற்றி அதன் பக்கத்தில் வைத்தேன். என் கடிகாரம் ஒரு நிமிடம் முடித்தபோது லேப் கடிகாரம் ஐம்பத்தேழு விநாடிதான் காட்டியது.

அலமாரியைத் திறந்து மற்ற கடிகாரங்களையும் எடுத்துப் பார்த்தேன். எல்லாமே மெதுவாக ஓடின, ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவில். ஒன்று மட்டும் வேகமாக ஓடியது. அதற்கு என்ன அவசரமோ.

அப்படியென்றால் அந்தப் பையன் சொன்னது உண்மை. ஆட்டினால் தப்பாகத்தான் வரும். பொய் சொல்கிற கடிகாரங்களை வைத்துக்கொண்டு வருடா வருடம் அத்தனை பேரும் சரியான விடை எழுதிப் பாஸாகியிருக்கிறார்கள். உண்மையில் அந்த லேபில் சோதனை செய்த ஒரே ஆள் ஃபெயிலாகியிருக்கிறாள்.

சனிக்கிழமைதோறும் மதியம் எங்களுக்கு ஒரு கூட்டம் உண்டு. ரிசல்ட் சரியில்லை என்று பிரின்சிபால் உத்தரவு போட்டிருந்தார். சயன்ஸ் ஆசிரியர்கள் எல்லோரும் வாரம் ஒருமுறை உட்கார்ந்து, படிப்பில் பின்தங்கிய பிள்ளைகளை எப்படித் தூக்கிவிடுவது என்று யோசனைகளைப் பகிர்ந்துகொள்ள வேண்டும். உட்கார்ந்தோம். பகிர்ந்துகொண்டது பெரும்பாலும் காபியைத்தான். எதிர் ஓட்டலிலிருந்து பைடூ காபி வரும். ஒரு காபி இரண்டு டம்ளரில். எங்கள் எச்.ஓ.டி. சாரும் கெமிஸ்ட்ரி மேடமும் ஒன்றைப் பாதியாக்கிக்கொள்வார்கள், நானும் மேத்ஸ் சாரும் இன்னொன்றை.

எச்.ஓ.டி. சார் மாண்டியாக்காரர். ரிட்டையராக இன்னும் கொஞ்ச காலம்தான். என்னிடம் பாதிக் கன்னடம் பாதித் தமிழில் பேசுவார். நல்ல மனிதர். அதுதான் தொல்லை. கெட்டவராக இருந்தால் சண்டை போடுவது சுலபம்.

அந்தச் சனிக்கிழமை அவரே ஒரு யோசனையோடு வந்திருந்தார். "நோடம்மா, பாரும்மா, இந்த ரிப்பீட்டர் பிள்ளைங்க பாவம். அவங்களுக்கு மாடல் ரீடிங் ஒரு ஷீட்ல போட்டுக் கொடுத்துடலாம். எல்லா எக்ஸ்பெரிமென்டுக்கும். மனப்பாடம் பண்ணிட்டு வந்து எழுதட்டும். யாரும் ஃபெயிலாக வேண்டாம்."

"சார், கிளாக்குங்க எல்லாம் தப்பா ஓடுது," என்றேன்.

"தெரியும்மா."

டம்ளரைக் கீழே வைத்தேன். "தெரியுமா?"

"நான் சேர்ந்தப்பவே அப்படித்தான். கேட்டு எழுதிப் போட்டேன். பட்ஜெட் இல்லன்னாங்க. அடுத்த வருஷமும் எழுதினேன். அப்புறம் விட்டுட்டேன்."

"அப்போ அந்தப் பொண்ணு ஃபெயிலானது?"

"அவ ஏன்மா அதை எழுதணும்? எல்லாரும் எழுதறதை எழுதியிருக்கலாமில்ல?"

"அவ பாத்ததை எழுதினா சார். அதுக்குத்தானே லேப்னு பேர் வச்சிருக்கோம். இல்லன்னா டிக்டேஷன் ஹால்னு போர்டு மாட்டிடலாம்."

மேத்ஸ் சார் காபியைப் பார்த்துச் சிரித்தார். "மேடத்துக்கு ரத்தம் சூடு. என் பங்கு காபியையும் இவங்களுக்கே கொடுக்கக் கூடாது."

கெமிஸ்ட்ரி மேடம் சிரிக்கவில்லை. அவர் அல்சூர்க்காரர், எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி வீடு. வாயைத் திறந்தால் கத்தரிக்கோல். "ஏம்மா, லேப் கிளாக் தப்பு, உன் வாட்ச் கரெக்டுன்னு உனக்கு யார் சொன்னது? உங்க மாமனாரா செஞ்சு கொடுத்தாரு?"

எனக்குக் கல்யாணமே ஆகவில்லை என்பது அவருக்குத் தெரியும். ஆனால் கேள்வி சரியான கேள்வி. என் வாட்சை நான் எதோடும் ஒப்பிட்டுப் பார்த்ததே இல்லை.

"நான் என்ன பண்றேன் தெரியுமா?" என்றார் அவர். "டைட்ரேஷனுக்கு ஒவ்வொரு பெஞ்சுக்கும் வேற வேற ஸ்ட்ரெங்த்ல ஆசிட் கலந்து வைப்பேன். எது எவ்வளவுன்னு எனக்கு மட்டும்தான் தெரியும். பக்கத்துல பாத்து எழுதினா மாட்டிப்பான். வேற வழி இல்லாம செஞ்சு பாப்பான். விடை எல்லாருக்கும் ஒண்ணா இருக்கிற வரைக்கும்மா, ஒருத்தனும் கையை நனைக்க மாட்டான்."

"உங்களுக்கு ஆசிட் கலக்கலாம். நான் பூமியையா கலக்க முடியும்?" என்றேன். "எல்லாப் பெஞ்சுக்கும் பூமி ஒண்ணுதானே."

"பூமி ஒண்ணு," என்று இழுத்தார் மேத்ஸ் சார். "கடிகாரம் அஞ்சாறு."

அவர் கிண்டலாகத்தான் சொன்னார். எனக்குக் கிண்டலாகக் கேட்கவில்லை. ஒவ்வொரு பெஞ்சுக்கும் ஒரு பொய். எந்தப் பொய் எவ்வளவு என்று பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும். விடை எல்லோருக்கும் தெரிந்ததாகவே இருக்கட்டும். கடிகாரத்தின் தப்பு எவ்வளவு என்பது எந்த சீனியருக்கும் தெரியாது.

"கடிகாரத்தைத் திருத்த வேண்டாம் சார்," என்றேன் எச்.ஓ.டி.யிடம். "தப்பு எவ்வளவுன்னு அளந்துட்டு, அந்த அளவுக்கு ரீடிங்கைத் திருத்தச் சொல்லித் தரேன்."

அவர் டம்ளரின் அடியில் இருந்த சர்க்கரையைச் சுழற்றிக்கொண்டிருந்தார். "உன் கிளாஸ்ல நீ என்ன வேணும்னாலும் பண்ணு. எக்ஸாம்ல வேண்டாம். எக்ஸ்டர்னல் வந்து, இது சிலபஸ்ல எங்கே இருக்குன்னு கேட்டா நான் பதில் சொல்ல மாட்டேன். அந்தப் பொண்ணு மறுபடி போச்சுன்னா, அது உன் தலையில."

"மாடல் ரீடிங் ஷீட் அவளுக்குக் கொடுக்க மாட்டேன் சார்."

"மாட்டேன்னு சொல்றதுக்கு முன்னாடி அவளைக் கேட்டியா?"

கேட்கவில்லை. ஒரே காபியில் இரண்டு முறை மாட்டிக்கொண்டேன்.

மறுநாள் காலை வானொலிச் செய்திக்கு முன்னால் வரும் பீப் ஒலியோடு என் கைக்கடிகாரத்தை ஒப்பிட்டுப் பார்த்தேன். அதற்கடுத்த நாளும் பார்த்தேன். விலகவில்லை. திங்கட்கிழமை கெமிஸ்ட்ரி மேடத்திடம் போய்ச் சொன்னேன். "சரி, அப்போ ஓடட்டும்" என்றார். அவரிடம் அது பெரிய சர்டிஃபிகேட்.

அந்த வார லேபில் கடிகாரங்களுக்கு எண் ஒட்டி, பெஞ்சுக்கு ஒன்றாக வைத்தேன். "இதுங்க எல்லாமே பொய் சொல்லும். எது எவ்வளவு சொல்லுதுன்னு மொதல்ல கண்டுபிடிங்க. அப்புறம் சட்டத்தை ஆட்டலாம்" என்றேன். முக்கால்வாசிப் பிள்ளைகள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். புதுசு, கொஞ்ச நாளில் சரியாகிவிடும் என்கிற பார்வை. நான் ஜன்னல் பக்கம் திரும்பியதும் 24.8 எழுதத் தொடங்கினார்கள். "ஆட்டினா தப்பா வருது மேடம்" பையன் மட்டும் வேடிக்கை பார்ப்பதற்காகக் கடைசிப் பெஞ்சுக்கு வந்து நின்றான்.

அங்கே அவள் என் கைக்கடிகாரத்தையும் லேப் கடிகாரத்தையும் ஒன்றாக ஓடவிட்டு, கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். பத்து நிமிடத்துக்கு ஒன்பதரை காட்டியது. நான் சொல்லித்தர வாயைத் திறந்தேன். கையைக் காட்டி நிறுத்திவிட்டாள். தாளில் தானே கணக்குப் போட்டாள். எடுத்த நேரத்தை எல்லாம் அந்த அளவுக்குக் கூட்டி எழுதினாள். பழைய நேரத்துக்கு ஒரு பத்தி, திருத்திய நேரத்துக்கு ஒரு பத்தி. கடைசிக் கட்டத்தில் 24.7 வந்தது. அதிலிருந்து விடை 975.

 அதைப் பார்த்துவிட்டு அவள் மெல்லச் சொன்னாள். "அப்போ நான் தப்புப் பண்ணல."

"இல்ல."

"ஒரு வருஷமா நான் எண்றதுலதான் தப்புன்னு நெனச்சிட்டிருந்தேன் மேடம். பஸ்ல வர்றப்பகூட எண்ணிப் பழகினேன். லைட் கம்பத்தை எல்லாம் எண்ணுவேன்."

பையன் தாளை எட்டிப் பார்த்தான். "24.8 வரல. 24.7 தான வந்திருக்கு?"

"ஆமா," என்றாள் அவள். "ஆனா இது வந்தது."

அன்றே அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். எச்.ஓ.டி. சொன்னதையும் மறைக்கவில்லை. எக்ஸாமில் இப்படி எழுதினால் சிலபஸில் இல்லை என்று தள்ளலாம். மாடல் ரீடிங்கை எழுதினால் நிச்சயம் பாஸ். எச்.ஓ.டி. சாரிடம் கேட்டால் ஷீட் கிடைக்கும். முடிவு அவளுடையது. என் கொள்கைக்காக அவள் பீன்யாவுக்குப் போக வேண்டாம். இதை மனசில்லாமல்தான் சொன்னேன். அவள் வந்ததை எழுத வேண்டும் என்று எனக்கு அவ்வளவு ஆசை.

ரெக்கார்டைப் பையில் வைத்துக்கொண்டே பதில் சொன்னாள். "போன வருஷம் தப்பு என்னன்னே சொல்லாம தள்ளிட்டாங்க. இந்த வருஷம் தப்பு என்னன்னு நான் சொல்றேன். அப்புறம் தள்ளட்டும்."

"அப்பா?"

"அவர்கிட்டயும் இதையே சொல்லிக்கிறேன். இது அவருக்குப் புரியும். ஷெட்ல தராசு ஒண்ணு தப்பாத்தான் இருக்கு. எவ்வளவு தப்புன்னு தெரிஞ்சுதான் அவர் எடை போடறாரு."

பிராக்டிகல் எக்ஸாம் அன்று எனக்கு லேப் டியூட்டி. பொருள்களை எடுத்துக் கொடுக்கலாம், மாணவர்களிடம் பேசக்கூடாது. இன்டர்னல் எக்ஸாமினர் எங்கள் எச்.ஓ.டி. எக்ஸ்டர்னல் வெளியூர்க் கல்லூரிக்காரர், போன வருடத்து ஆள் இல்லை. ஒல்லியான மனிதர். வந்ததும் வராததுமாகத் தும்கூருக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று அட்டெண்டரிடம் விசாரித்தார். சீட்டு எடுத்தார்கள். எங்கள் லேபில் வேலை செய்கிற பொருள்கள் குறைவு என்பதால் பாதிப் பேருக்குப் பார் பெண்டுலம்தான் வரும். அவளுக்கும் அதுதான் வந்தது.

அன்றைக்கு லேபில் நடந்த கூத்தை வாசலில் நின்று பார்த்தேன். எக்ஸ்டர்னல் பக்கத்தில் வந்தால் சட்டங்கள் ஆடும். அவர் தாண்டிப் போனால் நிற்கும். கடைசிப் பெஞ்சில் மட்டும் நிற்காமல் ஆடிக்கொண்டிருந்தது. கைக்கடிகாரம் யாரிடமோ இரவல் வாங்கிக் கட்டி வந்திருந்தாள். அதைக் கழற்றி லேப் கடிகாரத்தின் பக்கத்தில் வைத்திருந்தாள்.

நேரம் முடிந்ததும் எக்ஸ்டர்னல் தாள்களை வாங்கிப் புரட்டினார். 24.8, 24.8, 24.8. அவர் விரல் பழக்கத்தில் டிக் போட்டுக்கொண்டே போனது. அவள் தாளில் வந்து நின்றது.

"இது என்ன ரெண்டு பத்தி?" என்றார் கன்னடத்தில். "மொதல் பத்தி 27.4. ரெண்டாவது 24.7. கிளாக் கரெக்ஷன் அப்படின்னு எழுதியிருக்கே. இது சிலபஸ்ல எங்கம்மா இருக்கு?"

"சிலபஸ்ல இல்ல சார். கடிகாரத்துல இருக்கு," என்றாள். அவளுடைய கன்னடத்தில் ஓசூர் வாசம் அடித்தது. "மெதுவா ஓடுது. எவ்வளவு மெதுவான்னு அளந்து எழுதியிருக்கேன்."

"இதே கடிகாரத்துல உன் முன்னாடி ஒரு பையன் 24.8 எடுத்திருக்கான். அவனுக்கு எப்படி வந்துச்சு?"

 நான் கதவைப் பிடித்துக்கொண்டேன். இதை நான் யோசித்திருக்கவே இல்லை. அவள் எழுதியது உண்மை என்று ஒப்புக்கொண்டால் மற்ற அத்தனை தாளும் பொய். அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், இருபது பேர் மாட்டிக்கொள்வார்கள். "ஆட்டினா தப்பா வருது மேடம்" பையன் தலையைக் குனிந்துகொண்டான்.

அவள் யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை. "அவங்களுக்கு எப்படி வந்துச்சுன்னு எனக்குத் தெரியாது சார். எனக்கு வந்தது இது."

எக்ஸ்டர்னல் தன் கைக்கடிகாரத்தைக் கழற்றினார். லேப் கடிகாரத்தின் பக்கத்தில் வைத்தார். குனிந்து பார்த்துக்கொண்டே நின்றார். அந்த ஒரு நிமிடம் போல நீளமான நிமிடத்தை நான் எந்தக் கடிகாரத்திலும் பார்த்ததில்லை. நிமிர்ந்தார். கையில் இருந்த தாள் கட்டைப் பார்த்தார். பிறகு எச்.ஓ.டி.யைப் பார்த்தார். எல்லாம் அவருக்குப் புரிந்துவிட்டது என்று எனக்குப் புரிந்தது. அவர் கல்லூரியிலும் பெஞ்சு ஓரத்தில் அந்த எண் கீறப்பட்டிருக்கும் என்பதும்.

எங்கள் எச்.ஓ.டி. தொண்டையைச் செருமினார். பதில் சொல்ல மாட்டேன் என்று சொன்ன அதே எச்.ஓ.டி.

"இது நம்ம டிபார்ட்மென்ட் மெத்தட் சார்," என்றார். "சனிக்கிழமை சனிக்கிழமை ஸ்டாஃப் எல்லாம் உக்காந்து டிஸ்கஸ் பண்ணி முடிவு பண்ணினோம். கடிகாரத்தோட எரரை ஸ்டூடன்ட்டே கண்டுபிடிக்கணும்."

"ஒள்ளே மெத்தட்," என்றார் எக்ஸ்டர்னல். நல்ல முறைதான் என்று. குரலில் குத்தல் இருந்தது. "மத்த ஸ்டூடன்ட்ஸ் ஏன் பண்ணல?"

எச்.ஓ.டி. கண் இமைக்கவில்லை. "இப்போதைக்கு வீக் ஸ்டூடன்ட்ஸுக்கு மட்டும் ஆரம்பிச்சிருக்கோம் சார். ஸ்ட்ராங் ஸ்டூடன்ட்ஸுக்கு அடுத்த வருஷம்."

நான் வெளியே வராந்தாவுக்குப் போய்விட்டேன். உள்ளே இருந்தால் சத்தமாகச் சிரித்திருப்பேன், அல்லது சத்தமாகச் சண்டை போட்டிருப்பேன். எது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

ரிசல்ட் வந்தது. அவள் பாஸ். மார்க் சுமார்தான். 24.8 எழுதியவர்கள் எல்லோரும் அவளைவிட அதிகம் வாங்கியிருந்தார்கள். நான் ஸ்டாஃப் ரூமில் நின்று கொதித்தேன். இது என்ன நியாயம், திருடியவனுக்கு அதிகமா, செய்தவளுக்குக் கம்மியா என்று கேட்டேன். கெமிஸ்ட்ரி மேடம் என் கையில் பாதி டம்ளர் காபியைத் திணித்தார். "குடிம்மா. பொண்ணு சந்தாபுரா பஸ்லதான் போறா, பீன்யா பஸ்ல இல்ல. மொதல்ல அதை எண்ணு."

அவள் வந்து சொன்னபோதுகூட மார்க்கைப் பற்றிப் பேசவில்லை. "பாஸ் மேடம். அப்பா மார்க் தாளை வாங்கி ரெண்டு தடவை படிச்சாரு. சித்தப்பாவுக்குப் போன் பண்ணிட்டாரு." அவ்வளவுதான். இரண்டாமாண்டு லேபுக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டாள்.

ஆனால் நான் விடவில்லை. அடுத்த சனிக்கிழமைக் கூட்டத்தில் காபி வருவதற்கு முன்பே ஆரம்பித்தேன். "சார், ஸ்ட்ராங் ஸ்டூடன்ட்ஸுக்கு அடுத்த வருஷம்னு சொன்னீங்க."

எச்.ஓ.டி. என்னை ஏறிட்டுப் பார்த்தார். "அது ஏதோ அந்த நேரத்துக்குச் சொன்னேன்மா. அந்தப் பொண்ணைக் காப்பாத்த."

"எக்ஸ்டர்னல் கேட்டிருக்காரு. லேப் முழுக்கக் கேட்டிருக்கு. டிபார்ட்மென்ட் மெத்தட்னு நீங்கதான் சொன்னீங்க. அவரே அடுத்த வருஷமும் வந்து, எங்கே சார் உங்க மெத்தட்னு கேட்டா?"

மேத்ஸ் சார் கையைத் தட்டினார். "மாட்டினீங்க சார். இப்போ கரெக்ஷன் போட வேண்டியது நீங்கதான்."

"மார்க்கும் மாறணும் சார்," என்றேன். "இன்டர்னல் மார்க் நம்ம கையில இருக்கு. 24.8-க்கு இனிமே தனி மார்க் கிடையாது. அளந்ததுக்கு மார்க், தப்பைக் கண்டுபிடிச்சதுக்கு மார்க். விடை தள்ளிப் போனா, ஏன் தள்ளிப் போச்சுன்னு எழுதினா அதுக்கும் மார்க். இது நடக்கலன்னா நான் லேப் எடுக்க மாட்டேன்."

"ஏனம்மா, பார்ட் டைம்ல இருந்துக்கிட்டு எனக்கு கண்டிஷன் போடறியா?"

"பார்ட் டைம்னாலதான் சார். ஃபுல் டைம் ஆயிட்டா பயம் வந்துடும்."

 அவர் சிரித்த மாதிரி இருந்தது. "இன்னொரு விஷயம். மேனேஜ்மென்ட்ல இந்த வருஷம் பட்ஜெட் ஒத்துக்கிட்டாங்க. புது ஸ்டாப் கிளாக் வருது. நான் எத்தனை வருஷம் எழுதினதுக்கு இப்போ வருது பார்."

"வாங்குங்க சார். ஆனா பழசைத் தூக்கிப் போட வேண்டாம்."

"கெட்டுப்போன கடிகாரம் வேணும்னு கேக்கற மொதல் ஆள் நீதான்."

"ஒரு பெஞ்சுக்கு ஒண்ணு வேணும் சார்," என்றேன். "புதுசு எல்லாம் சரியா ஓடினா பிள்ளைங்க எதைக் கண்டுபிடிப்பாங்க?"

ஜூனில் புது பேட்ச் வந்தது. முதல் லேபிலேயே பழைய கடிகாரங்களைப் பெஞ்சுக்கு ஒன்றாக வைத்தேன். பெஞ்சு ஓரத்தில் கீறியிருந்த எண்ணை நான் அழிக்கவில்லை, அழிக்க விடவும் இல்லை. அது அங்கேயே இருக்கட்டும். கொஞ்ச நேரத்தில் முன் பெஞ்சுப் பையன் ஒருவன் கையைத் தூக்கினான். முகத்தில் பயம்.

"மேடம், ஆட்டினா தப்பா வருது."

"வரட்டும்," என்றேன். "எவ்வளவு தப்புன்னு எழுது."